கணக்குப் பார்க்க மலையேற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏலகிரியில் குடும்பங்கள் நடத்தும் விடுமுறைப் பூங்காக்களைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். குடில், நீச்சல் குளம், கயிற்றுப் பாலம், ராத்திரி கேம்ப் ஃபயர் எல்லாம் வண்ணப் படத்தோடு வந்திருந்தன. கல்லாப்பெட்டி பக்கம் மட்டும் உங்கள் நிருபர் போகவில்லை. அது அவர் வேலை இல்லைதான். என் வேலை என்பதால் நான் எழுதுகிறேன்.

நான் ஆடிட்டர் இல்லை. வேலூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 27 வருடமாக உதவியாளர். வவுச்சர் புரட்டி, பச்சை மையில் டிக் அடித்தே கண்ணாடியின் பவர் ஏறிவிட்டது. எங்கள் பக்கத்து ஆடிட்டர் அலுவலகங்கள் பெரும்பாலும் தோல் கணக்கில் வளர்ந்தவை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எந்தத் தோல் ஷெட்டுக்குப் போனாலும் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு நின்றால் சரக்கை எண்ணிவிடலாம். இத்தனை தோல் வந்தது, இத்தனை பதனிட்டது, இத்தனை கப்பலேறியது, மிச்சம் இதோ கண் முன்னால். விடுமுறைப் பூங்காவில் அப்படி எண்ண எதுவும் கிடையாது. இன்று இரவு ஆள் வராத அறை விடிந்தால் போச்சு, அதைக் கிடங்கில் வைக்க முடியாது. ஆள் வந்து தங்கி, ரொக்கம் கொடுத்து, பதிவேட்டில் ஏறாமல் போன அறையும் மறுநாள் காலையில் பார்த்தால் அதே காலி அறைதான். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இந்த ஒரு விஷயம் எனக்குப் புரிய 11 வருடம் பிடித்தது. அத்தனை வருடமாக மலைமேல் ஒரு குடும்பக் கம்பெனியின் கணக்கைப் பார்த்து வருகிறேன். பெயர் வேண்டாம். 22 அறைகள், கூட்டுத் தொழிலாகத் தொடங்கிப் பிறகு பிரைவேட் லிமிடெட் ஆனது. அண்ணன் தம்பி மூன்று பேர், எல்லாருக்கும் மேலே அவர்களுடைய அம்மா. கம்பெனி என்று பதிவு செய்துவிட்டால் வரவு ஒரு ரூபாயாக இருந்தாலும் தணிக்கை கட்டாயம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை எப்போது செய்ய வேண்டும் என்பதில்தான் அவர்களும் தவறினார்கள், நாங்களும் தவறினோம்.

எப்படி நடக்கும் தெரியுமா? ஆண்டுக் கணக்கு மார்ச் 31-ல் முடியும். பொதுக்குழுவுக்குச் செப்டம்பர் 30 கடைசி. செப்டம்பர் பத்துத் தேதிவாக்கில் ஒரு மஞ்சப்பை வரும். அதற்குள் வவுச்சர், டேலி என்ற கணக்கு மென்பொருளின் பேக்கப் போட்ட பென்டிரைவ், வங்கி ஸ்டேட்மென்ட், கொசுறாக மலைத்தேன் ஒரு பாட்டில். நாங்கள் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து, பையில் இருப்பதெல்லாம் ஏட்டில் இருக்கிறதா என்று பார்ப்போம். இருக்கும். ஏட்டைப் பார்த்துத்தானே பையையே கட்டியிருக்கிறார்கள்! பையில் வராதது எது என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். மே மாதத்தில் ஒரு சனி ஞாயிறு எங்கள் அலுவலகம் முழுக்கக் குடும்பத்தோடு அங்கே போய் இலவசமாகத் தங்கிவிட்டு வருவோம். ஓசி அறையில் தூங்கி எழுந்து, ஓசி பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, செப்டம்பரில் அதே ஆளிடம் "இந்த ரொக்கம் எங்கே சார்?" என்று கேட்க நாக்கு எழுமா?

போன வருடம் எங்கள் ஆடிட்டரின் மகள் சி.ஏ. முடித்து, சென்னையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு வந்தார். (எங்களுடையதும் குடும்பத் தொழில்தான், என்ன செய்ய.) வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, அந்தப் பார்க்குக்குப் பணம் எந்தெந்த வழியா உள்ளே வருது? ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க."

அறை வாடகை, சாப்பாடு, கல்யாண ஹால் என்று மூன்று எழுதிக் கொடுத்தேன். தை பிறந்து நாலாம் நாள் என்னையும் சி.ஏ. படிப்புக்காக எங்களிடம் பயிற்சியில் (ஆர்டிக்கிள்ஷிப்) இருக்கும் பையன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு மலையேறினார். ஏலகிரிப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாரியையும் ஓரியையும் தாண்டிப் போய்க் காசு எண்ணப் போகிறோமே என்று பையன் சிரித்தான். மேலே போய் அன்று முழுக்க லெட்ஜரைத் திறக்கவே இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். சாயங்காலத்துக்குள் என் மூன்று ஒன்பதாகிவிட்டது. தங்காமல் குளத்தில் குளிக்க மட்டும் வருபவர்களின் டிக்கெட், கயிற்று விளையாட்டு, கேம்ப் ஃபயருக்குத் தனிக் காசு, ஜீப், பார்க்கிங், தேனும் பலாப்பழமும் விற்கிற கடை. 11 வருடம் கணக்குப் பார்த்தவனுக்கு ஆறு வாசல் தெரியவில்லை என்றால், அந்த ஆண்டுகளில் நான் அடித்த பச்சை டிக்குகளுக்கு என்ன அர்த்தம் என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

தணிக்கைக்குத் திட்டமிடுவதற்கென்றே 300 என்ற எண்ணில் ஒரு தணிக்கைத் தரநிலை இருக்கிறது. மோசடி பற்றிய 240, வருமானத்தைக் காட்டும் இடத்தில் தப்பு நடக்க வாய்ப்பு உண்டு என்று எடுத்துக்கொண்டுதான் ஆடிட்டர் தொடங்க வேண்டும் என்கிறது. யாரையும் திருடன் என்று சொல்வதில்லை அது. ரொக்கம் புழங்கும் இடத்தில் கண்ணை எங்கே வைப்பது என்று சொல்கிறது. எங்களுக்கு அந்த இடம் சலவைக்காரரின் சீட்டில் கிடைத்தது.

ஆள் தங்குவது ஒரு நாளோ இரண்டு நாளோ, அந்தப் பார்க்கில் ஆள் இருக்கும் ஒவ்வோர் அறையிலிருந்தும் தினமும் இரண்டு பெட்ஷீட் வெளுப்புக்குப் போகும். சலவைக்கு வெளியாள். அவருக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி, அதனால் அவர் சீட்டில் ஒன்று குறையாது. 2025 மே மாதச் சீட்டுகளைக் கூட்டினால் 1,180 பெட்ஷீட், அதாவது 590 அறை-இரவு. 22 அறைக்கு 31 நாளில் 682 வரை போகலாம், ஆகவே சீசனுக்கு 590 நம்பக்கூடியதுதான். பதிவேட்டில் இருந்தது 431. மிச்சம் 159 எங்கே?

உடனே திருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மாதம் வீட்டில் ஒரு கல்யாணம். சொந்தக்காரர்கள் 15 அறையில் ஆறு நாள் இருந்தார்கள். அதில் 90 சரியாகிவிட்டது. பெரியம்மாவிடம் (அவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) இதைப் பற்றிக் கேட்டபோது கோபம் வந்துவிட்டது.

"ஏம்பா, என் வூட்ல நானே வந்து படுத்தா அதுக்கும் பில்லு போடணுமா?"

"படுங்க பெரியம்மா. நோட்டுல எழுதிட்டுப் படுங்க, அது போதும்."

மீதி 69 அறை-இரவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நடு மகன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ரொக்கமாக வந்த அறைகள் அதில் தனியாக எழுதியிருந்தன. சித்தப்பா வழிப் பையன் ஒருவன் வரவேற்பில் நிற்கிறான், கணக்கும் அவனே எழுதுகிறான், பணமும் அவனே வாங்குகிறான். சொந்தப் பையன் என்பதால் யாரும் சரிபார்க்கவில்லை. வெளியாள் என்றால் ஒரு மாதத்தில் தெரிந்திருக்கும்.

குடும்பத் தொழிலில் பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். எது கம்பெனியுடையது, எது வீட்டினுடையது என்ற கோடே கிடையாது. குடில்கள் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் இருக்கின்றன, அவை நிற்கும் நிலத்தின் பட்டா பெரியம்மா பெயரில் இருக்கிறது, இடையில் ஒரு குத்தகைப் பத்திரம்கூட இல்லை. ஜீப் மூத்த மருமகளுடையது, வாடகை கம்பெனி கொடுக்கிறது. சமையலறை பில்லில் மாதாமாதம் இலவம்பாடி முள் கத்தரிக்காய் வருகிறது, ஆனால் விருந்தினர் மெனுவில் கத்தரிக்காயே இல்லை. (வீட்டில் ஒருவருக்கு அது இல்லாமல் சோறு இறங்காதாம். எனக்கும்தான்.) கத்தரிக்காயை நாங்கள் விட்டுவிட்டோம், அவ்வளவு சின்னத் தொகைக்கு மெனக்கெட முடியாது. எந்தத் தொகைக்கு மேல் போனால் கணக்கைப் படிப்பவர் ஏமாறுவார் என்று ஓர் அளவை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்கிறோம். ஜீப் வாடகையும் நிலமும் அந்த அளவைத் தாண்டின. அவற்றுக்கு இயக்குநர் குழுத் தீர்மானம், பத்திரம் எல்லாம் கேட்டு ஜனவரியிலேயே கடிதம் கொடுத்தோம். செப்டம்பரில் கேட்டிருந்தால் பழைய தேதி போட்டு ஒரு தாள் வந்திருக்கும்.

2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் பதிவாகியிருக்க வேண்டும். அது இருந்ததா என்று ஆடிட்டர் அறிக்கையில் சொல்ல வேண்டும். இங்கே தடம் பதிவாகியிருந்தது. மூன்று சகோதரர்களும் கணக்கரும் ஒரே பாஸ்வேர்டு. எல்லா மாற்றத்தையும் செய்தவர் "அட்மின்". அந்த அட்மின் ராத்திரி ஒன்றரை மணிக்கும் பில்லைத் திருத்தியிருக்கிறார். ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு போடச் சொல்ல ஐந்து நிமிடம் போதும், ஆனால் ஆண்டு முடிவதற்கு முன் யாராவது போய்ச் சொன்னால்தானே!

ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறை வாடகைக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது, கூடவே உள்ளீட்டு வரி எடுக்கிற உரிமையும், அதாவது வாங்கும் பொருளுக்குக் கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிற உரிமையும், போனது. ஒரே ஆண்டில் இரண்டு விதமான பில். இவர்கள் விகிதத்தை மட்டும் மாற்றிவிட்டு, மெத்தைக்கும் பெயிண்டுக்கும் உள்ளீட்டு வரியைப் பழையபடி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஜனவரியில் பார்த்ததால் வட்டி கொஞ்சத்தோடு போயிற்று.

முன்பணம் பற்றி ஒரு வார்த்தை. மே மாதக் கூட்டத்துக்கு பிப்ரவரி, மார்ச்சிலேயே பணம் வந்து விழும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளக் குடும்பங்கள், பெங்களூரு ஐ.டி. பிள்ளைகள், பள்ளிச் சுற்றுலா என்று எல்லாரும் முன்பதிவு செய்கிறார்கள். வங்கியில் ஏறியதும் வருமானம் என்று எழுதிவிடுவது இவர்கள் வழக்கம். விருந்தினர் வந்து தங்கும்வரை அது அவருடைய பணம், நாம் பட்ட கடன். ஆன்லைன் முன்பதிவுத் தளங்களோ கமிஷனைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புகின்றன, ஏட்டில் மிச்சம்தான் ஏறியிருந்தது. வருமான வரித்துறையின் வரிப் பிடித்தப் பட்டியலான 26ஏஎஸ்-ல் பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகை இருந்தது. இரண்டும் ஒத்துவராததை வருமான வரித்துறை கண்டுபிடிப்பதற்குள் நாங்கள் பார்த்துவிட்டோம்.

இவ்வளவும் சொல்லக் காரணம், இந்தப் பகுதியில் இப்படிப்பட்ட கம்பெனிகள் இன்னும் வரப் போகின்றன. வேலூர் பிரிந்து ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனாலும் அவற்றில் பலவற்றின் மஞ்சப்பை வேலூருக்குத்தான் வருகிறது. நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: தை மாதத்தில் உங்கள் ஆடிட்டரைக் கூப்பிட்டு வாசலில் உட்கார வையுங்கள். வர மாட்டேன் என்பவரை மாற்றுங்கள். எங்கள் தொழில்காரர்களுக்கும் சொல்வேன், வரவேற்பறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெரிவது வவுச்சர் மூட்டையில் ஒரு வாரம் தேடினாலும் கிடைக்காது. கூடுதல் நாளுக்குக் கட்டணம் கேட்க வெட்கப்படாதீர்கள்.

மார்ச் 30-ம் தேதி மறுபடி ஏறினோம். 31 இரவு பதினொன்றரைக்கு கல்லா ரொக்கத்தை எண்ணி, அரிசி, எண்ணெய், சிலிண்டர் எழுதி, முன்பதிவுப் பட்டியலில் ஏப்ரல், மே மாத முன்பணத்தைப் பிரித்துக் கையெழுத்து வாங்கினோம். தங்கியது இரண்டு இரவு, இரண்டு அறை. கிளம்பும்போது வாடகைக்கு யுபிஐ காட்டச் சொன்னோம். பெரியம்மா முறைத்தார். "காசு வாங்கினா கடவுளுக்கே அடுக்காது" என்றார். எங்கள் மேடம் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் பெரியம்மாவே பில் புக்கை இழுத்து, கண்ணாடியை மாட்டி, நடுங்குகிற கையால் 5 சதவீத வரியோடு பில் போட்டார். கூட்டல் சரியாக இருந்தது. அந்த பில்லையும் நாங்கள் சோதிக்க எடுத்த சாம்பிளில் சேர்த்துப் பச்சை டிக் அடித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தணிக்கை உதவியாளர்,
காட்பாடி.