எத்தனை பேர் வருவீர்கள்?

அன்பு மகளுக்கு,

அனர்த்த முகாமைத்துவ ஆட்களுக்கே கணிப்புச் சொல்ல என் மகள்தான் படிப்பிக்கிறாள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா. எனக்கும் பெருமைதான். ஆனால் ஊருக்கெல்லாம் படிப்பிக்கிற பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்துக் கனநாள். நேரத்துக்குச் சாப்பிடு.

போன முறை நீ வைத்த போட்டியை மாமா இன்னும் மறக்கவில்லை. கல்லடிப் பழைய பாலம் திறந்தது எந்த ஆண்டு, பத்துக்கு ஒன்பது பங்கு நிச்சயமாகச் சொல்லக்கூடிய இடைவெளியைத் தாருங்கள் என்றாய். மாமா மேசையில் அடித்து, 1940க்கும் 1945க்கும் இடையில் என்றார். அம்மா 1900இலிருந்து 1950 என்றா. விடை 1924. ஐம்பது வருசம் விட்டால் யாரும்தான் சொல்வார்கள் என்று மாமாவுக்குக் கோபம். தனக்கு எவ்வளவு தெரியாது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, அதுவும் கணக்குத்தான் என்றாய்.

இந்த மழைக்கு அதைச் செய்து பார்த்தோம். உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறக்கப் போகிறார்கள் என்றதும் வயற்காரருக்குக் கைகால் ஓடவில்லை. யார் முதலில் கத்துகிறாரோ அவர் சொன்ன அளவுதான் பிறகு எல்லார் வாயிலும். அதனால் பேச்சுக்கு முன், வயலில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்று ஆளுக்கொரு துண்டில் எழுதச் சொன்னேன். முழங்கால் என்றது ஒரு துண்டு, இடுப்பு என்றது இன்னொன்று. 1978 சூறாவளியைக் கண்ட கிழவர் கழுத்து என்று எழுதியிருந்தார். பட்டவர் கணக்கு பட்ட வருசத்திலேயே நிற்கும். மறுநாள் தடி நட்டுப் பார்த்தால் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. துண்டுகளை எறியவில்லை, அடுத்த மழைக்கு ஒத்துப் பார்க்கலாம்.

வானிலைக்காரர் கணிப்பில் தேறுவது மறுநாளே விடை தெரிந்துவிடுவதால் என்று சொன்னாயே. பெற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை, பிள்ளை வாய் திறந்தால்தான் உண்டு. வேலையைப் பற்றிச் சொல்கிறாய், கொழும்பு வெயிலைப் பற்றிச் சொல்கிறாய். மருமகனைக் கேட்டால் “இருக்கிறார்” என்கிறாய். சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

பொங்கலுக்கு அவருக்கென்று அம்மா எருமைத்தயிருக்குச் சொல்லி வைத்திருக்கிறா. எத்தனை பேர் வருவீர்கள்? ஒன்றிலிருந்து மூன்று என்று எழுதாதே. உன் கணக்குக்கு அது சரி, அம்மாவால் உலை வைக்க முடியாது. ஒரே எண்ணாக இந்தக் கிழமைக்குள் சொல்லு. இரவு ரயிலில் நீ தனியாக வந்து இறங்கினாலும் ஸ்டேசனில் நான் நிற்பேன்.

அப்பா