பாலத்தின் வரலாறும் பதிவாகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஈரோடு கருங்கல்பாளையத்தையும் பள்ளிபாளையத்தையும் இணைக்கும் காவிரிப் பழைய பாலத்தின் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். போக்குவரத்து மாற்றத்தை விரிவாகச் சொன்ன அச்செய்தி, பாலத்தின் வரலாற்றைத் தொடாமல் விட்டது வருத்தமளித்தது. 1979இல் ஈரோடும் 1997இல் நாமக்கல்லும் தனி மாவட்டங்கள் ஆவதற்கு முன், இங்கே காவிரியின் மேற்குக் கரை கோவை மாவட்டம், கிழக்குக் கரை சேலம் மாவட்டம். ஆற்றின் பெயரையே தாங்கிய காவேரி ரயில் நிலையத்துக்கு அருகில், அவ்விரண்டையும் பிணைத்து நின்றது இந்தப் பாலம்.

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டிய என் தந்தை, சைக்கிள் கேரியரில் துணிக்கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஈரோடு ஜவுளிச் சந்தைக்கு இதன் வழியேதான் போவார்; பக்கத்து ரயில் பாலத்தில் வண்டிச் சத்தம் கேட்டால், முன்கம்பியில் உட்கார்ந்திருக்கும் எனக்காகக் காலை ஊன்றி, கடைசிப் பெட்டி கடக்கும்வரை நிற்பார். இத்தகைய நினைவுகள் இரு கரையிலும் வீட்டுக்கு வீடு உண்டு. ஆகவே, பாலம் கட்டப்பட்ட ஆண்டு, கட்டிய முறை, அது தாங்கிய பெருவெள்ளங்கள் ஆகியவற்றை அரசு ஆவணங்களிலிருந்து திரட்டி, தமிழில் பொறித்த கல்வெட்டு ஒன்றை, பராமரிப்புப் பணி முடிவதற்குள் நெடுஞ்சாலைத் துறை கருங்கல்பாளையம் முனையில் நிறுவ வேண்டும்.

– வாசகர், பள்ளிபாளையம்