முதலில் அந்தக் கோணல் வீட்டைப் பார்

அன்பு மகளுக்கு,

மௌனப் படங்களில் நகைச்சுவையாக ஒன்று பார்க்க வேண்டும், எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அவ்வளவு மகிழ்ச்சி.

நீ பள்ளியில் படித்தபோது, ஒரு விடுமுறை நாளில் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து இப்படி ஒரு படம் போட்டேன். தேய்ந்துபோன பிரதி. முகங்கள் வெளுத்துக் கிடந்தன, ஆட்கள் வெடுக்வெடுக்கென்று ஓடினார்கள், காட்சிக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பியானோ ஒலித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் நீ எழுந்து போய்விட்டாய். தவறு உன்னுடையது அல்ல; நல்ல பிரதி பார்த்து எடுக்காத என்னுடையது. இத்தனை ஆண்டுகளாக அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே இந்த முறை யோசித்தே எழுதுகிறேன்.

அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் 1920-இல் எடுத்து நடித்த 'ஒன் வீக்' படத்தை முதலில் பார். அரை மணி நேரம்கூட ஓடாது. புதிதாகக் கல்யாணமான இருவருக்கு ஒரு வீடு பரிசாகக் கிடைக்கிறது. பெட்டி பெட்டியாக, எண் போட்டு வரும் வீடு. எண் வரிசைப்படி பூட்டினால் போதும். அந்தப் பெண்ணை மணக்க நினைத்து ஏமாந்த ஒருவன், பெட்டிகளில் உள்ள எண்களை மாற்றிவிடுகிறான். அதை அறியாமல் இவர்கள் கட்டி முடிக்கும் வீட்டை நீ கண்ணால்தான் பார்க்க வேண்டும். நாட்காட்டியில் நாள்தோறும் ஒரு தாள் கிழிய, வீடு மேலும் மேலும் கோணலாகிறது. புயல் அடிக்கும்போது முழு வீடும் ராட்டினம்போல் சுழலும். வீட்டைச் சுழல்மேடை ஒன்றின்மேல் கட்டி, உண்மையாகவே சுற்றவிட்டு எடுத்த காட்சி அது.

கீட்டனின் முகத்தைக் கவனி. எத்தனை முறை விழுந்தாலும் அந்த முகம் சிரிக்காது, அழாது. கூரை கையோடு வந்தாலும், அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் ஒரு வேலைக்காரனின் முகம். பெற்றோரோடு மேடையில், அப்பா தூக்கி எறிய எறிய விழுந்து எழுந்தே வளர்ந்த பிள்ளை அவர். தான் சிரிக்காமல் இருந்தால் பார்ப்பவர்கள் அதிகம் சிரிக்கிறார்கள் என்பதை அங்கேயே கற்றுக்கொண்டார். மனைவியாக வரும் சிபில் சீலியையும் விட்டுவிடாதே. வீடு என்ன கோலத்தில் நின்றாலும் அவர்களுக்குள் இருக்கும் அன்பு குறைவதே இல்லை. எனக்கு அந்தப் படம் பிடித்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

எல்லாரும் உச்சியில் வைக்கும் கீட்டனின் 'தி ஜெனரல்' இருக்கிறதே என்று உன் நண்பர்கள் சொல்லக்கூடும். மகத்தான படம்தான். ஆனால் அதில் அமெரிக்க உள்நாட்டுப் போர் இருக்கிறது, மெதுவாகத் தொடங்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். கீட்டன்மேல் ஒட்டுதல் வந்த பிறகு பார்த்தால் அதன் அருமை பல மடங்கு தெரியும். அதற்கு முன் 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) பார். முக்கால் மணி நேரம். திரையரங்கில் படம் ஓட்டுபவன் தூங்கிப்போய், கனவில் திரைக்குள்ளேயே நடந்து போகிறான். அதில் ரயில் பாதையோரத்துத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நீர் கொட்டி, அந்த வேடத்தில் வரும் கீட்டனைக் கீழே சாய்க்கும் இடம் ஒன்று உண்டு. அப்போது கழுத்தெலும்பு முறிந்தது, பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. எனக்கு இன்றும் அந்த இடம் வரும்போது கை இறுகிவிடுகிறது.

சாப்ளினைப் பின்னால் தள்ளுகிறேனே என்று நினைக்காதே. அந்தத் தொப்பியையும் மீசையையும் படம் பார்க்காமலே உனக்குத் தெரியும். தெரிந்ததைப் பார்க்கும் கண் கொஞ்சம் சோம்பேறியாகிவிடுகிறது. நாலைந்து படங்களில் பழகிய பிறகு 'சிட்டி லைட்ஸ்' பார். பேசும் படங்கள் வந்துவிட்ட பின், 1931-இல், வசனமே இல்லாமல் துணிந்து வெளியிட்டார். பூ விற்கும் பார்வையற்ற பெண், கார்க் கதவு சாத்தப்படும் சத்தத்தைக் கேட்டு, சாப்ளின் நடிக்கும் ஏழை நாடோடியைப் பணக்காரன் என்று எண்ணிவிடுகிறாள். அந்த ஒரு கதவில்தான் முழுக் கதையும் தொங்குகிறது.

பிரதி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. அந்தக் காலத்துக் கேமராக்களைக் கையால் சுற்றினார்கள்; பல படங்கள் நொடிக்கு 24 படச்சட்டங்களுக்கும் (ஃபிரேம்களுக்கும்) குறைவாகப் பதிவானவை. அவற்றை அப்படியே 24-இல் ஓட்டினால், அன்று நீ பார்த்த அந்த வெடுக்வெடுக் ஓட்டம் வந்துவிடும். சில இடங்களில் வேண்டுமென்றே வேகம் கூட்டுவார்கள், அது வேறு. சீரமைத்து, வேகம் சரிசெய்த பிரதியா என்று பார்த்து எடு. இசையை அணைத்துவிடாதே. அன்றைய திரையரங்குகளில் பியானோவோ வாத்தியக் குழுவோ கூடவே வாசித்துக்கொண்டிருக்கும். கைபேசியை வேறு அறையில் வைத்துவிடு. ஒரு கணம் கண்ணைத் திருப்பினாலும் ஒரு சிரிப்பு போய்விடும், காதால் அதைப் பிடிக்க முடியாது.

'ஒன் வீக்' முடிவில் ஒரு ரயில் வருகிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். பார்த்த அன்றே எழுது. அந்த இடத்தில் நீ என்ன செய்தாய் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுது.

அன்புடன்,
அப்பா