பெரிய ரிம் வாங்கும் முன் சக்கரச் சாய்வைச் சரிபாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சொந்தக் காரைச் சிப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். டொயோட்டா 86 போன்ற காரை வாங்கியதும் அதன் 17 அங்குல ரிம்களைக் கழற்றிவிட்டு 19 அங்குல ரிம்களை மாட்டுவதுதான் தடத்துக்கான முதல் மாற்றம் என்று அதில் சொல்லப்பட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் செய்ய வேண்டியது வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் சாய்வையும் திசையையும் சரிசெய்வது. ரிம் அதற்குப் பிறகுதான்.

சிப்பாங் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர். அதன் 15 வளைவுகளில் 10 வலப்பக்கம் திரும்புபவை என்பதால், காரின் எடை பெரும்பாலும் இடப்பக்க டயர்கள் மீதே சாய்கிறது. 86 காரின் முன்பக்கம், ஸ்பிரிங்கும் அதிர்வுதாங்கியும் ஒரே தூணாக நின்று சக்கரத்தைத் தாங்கும் மேக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பைக் கொண்டது. வளைவில் கார் சாயும்போது இவ்வமைப்பில் சக்கரமும் பெருமளவு கூடவே சாய்ந்துவிடுவதால், டயரின் முழு அகலமும் தரையில் பதியாமல் வெளி விளிம்பு மட்டுமே சுமையைத் தாங்குகிறது. அன்றாடச் சாலை ஓட்டத்தை மனத்தில் கொண்டு, தொழிற்சாலையில் முன் சக்கரங்களின் கேம்பரை (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவை) ஏறத்தாழப் பூஜ்யத்தில் வைத்து அனுப்புகிறார்கள். அதே நிலையில் தடத்தில் ஓட்டினால், இடது முன் டயரின் உட்பகுதி புதிதாகவே இருக்க, வெளி விளிம்பு மட்டும் பிய்ந்து போகும். ரிம்மை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தக் குறை தீராது.

முன் சக்கரங்களின் மேற்பகுதி காரின் உட்பக்கம் 2.5 முதல் 3 பாகை வரை சாய்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பின்பக்கத்துக்கு 2 பாகை அளவு போதும். ஸ்ட்ரட்டைச் சக்கரத் தாங்கியுடன் இணைக்கும் போல்ட்டுக்குப் பதிலாக, சாய்வை மாற்ற இடம் தரும் கேம்பர் போல்ட் போட்டுச் சுமார் ஒன்றரைப் பாகை வரை பெறலாம். அதற்கு மேல் வேண்டுமானால் ஸ்ட்ரட்டின் தலைப்பகுதியில், அதை உட்பக்கம் நகர்த்த இடம் தரும் கேம்பர் பிளேட் பொருத்த வேண்டும். பின்பக்கத்தில் தொழிற்சாலை அமைப்பு டோவை (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை) மட்டுமே மாற்ற இடம் தருவதால், கேம்பரை மாற்ற, சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியுடன் இணைக்கும் கீழ்க்கைகளை வேறாக மாற்ற வேண்டியிருக்கும். முன் சக்கரங்கள் நேராகவும் பின் சக்கரங்கள் சற்றே உள்நோக்கியும் இருந்தால், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை அழுத்தி 15ஆம் வளைவுக்குள் நுழையும்போது காரின் பின்பகுதி அலைபாயாது. கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும் என்பதால் டோவைக் கடைசியாகத்தான் சரிசெய்ய வேண்டும். ஓட்டுநரின் எடைக்கு ஈடான சுமையை இருக்கையில் வைத்து அளப்பது இன்னும் நல்லது.

பட்டறைகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அலைன்மென்ட் கருவியின் திரையில் எல்லா எண்களும் பச்சையாகிவிட்டால் வேலை முடிந்ததாகப் பலர் கருதுகிறார்கள். அந்தப் பச்சை, தொழிற்சாலை வகுத்த சாலை அளவுகளையே குறிக்கிறது. தடத்துக்கான கேம்பர் அதே திரையில் சிவப்பாகத்தான் தெரியும். வாடிக்கையாளர் கேட்ட அளவைத் துல்லியமாக வைத்து, இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, முன்பிருந்த அளவுகளையும் இப்போதைய அளவுகளையும் அச்சிட்டுத் தர வேண்டும். வைத்த அளவு சரிதானா என்பதைத் தடமே காட்டிக் கொடுக்கும்: சில சுற்றுகள் ஓட்டிவிட்டு வந்தவுடன் டயரின் உள், நடு, வெளிப் பகுதிகளின் வெப்பத்தை ஊசிமுனை வெப்பமானியால் அளந்தால், வெளிப்பகுதி அதிகச் சூடாக இருப்பின் கேம்பர் போதவில்லை என்றும், நடுப்பகுதி மட்டும் சூடாக இருப்பின் காற்றழுத்தம் மிகை என்றும் அறியலாம்.

ரிம்மைப் பிறகு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேம்பர் போல்ட்டால் சக்கரத்தைச் சாய்த்தால் டயரின் மேற்பகுதி ஸ்ட்ரட்டை நெருங்கிவிடுகிறது. கேம்பர் பிளேட்டில் ஸ்ட்ரட்டும் சேர்ந்தே சாய்வதால் அந்த இடைவெளி குறைவதில்லை. ஆகவே எந்த முறையில் எவ்வளவு சாய்க்கப் போகிறோம் என்று தெரியாமல் ரிம்மின் அகலத்தையும் ஆஃப்செட்டையும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, காரில் பதியும் அதன் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்ற அளவையும்) முடிவு செய்ய முடியாது. காருடன் வருவது 7 அங்குல அகலமும் 48 ஆஃப்செட்டும் கொண்ட ரிம், 215/45 டயர் (215 மில்லிமீட்டர் அகலம், அதில் 45 விழுக்காடு சுவர் உயரம்). அதே 17 அங்குலத்தில், 9 அங்குல அகலமும் ஏறத்தாழ 40 ஆஃப்செட்டும் கொண்ட ரிம்மில் 245/40 டயரைப் பொருத்தினால், சக்கரத்தின் மொத்த விட்டம் 3 மில்லிமீட்டர்கூட மாறாமல் தரையைப் பற்றும் பரப்பு மட்டும் அகலும். 19 அங்குல ரிம்மோ பெரும்பாலும் எடை கூடியது. மெலிந்த டயர்ச் சுவரால் தட ஓரத்து மேடுகளின் அடி நேரே ரிம்மில் விழும்.

நடுத்துளையும் கவனத்துக்குரியது. இந்தக் காரின் ஹப் (ரிம்மின் நடுத்துளைக்குள் பொருந்தும் அச்சு முனை) 56.1 மில்லிமீட்டர் என்பதால், பெரிய துளையுள்ள ரிம்முக்கு வளையம் தேவைப்படும். பிரேக் சூட்டில் உருகக்கூடிய பிளாஸ்டிக் வளையத்தைத் தவிர்த்து அலுமினிய வளையத்தையே போட வேண்டும். நட்டுகளை 120 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கி, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் சக்கரம் ஆறியதும் மறுபடி சோதிக்க வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது, புகழ்பெற்ற ஜப்பானிய ரிம்களின் போலிகள் மலிவாகக் கிடைப்பதுதான். ஜப்பானிய உலோகக்கலவை ரிம்களின் தரத்தைக் குறிக்கும் ஜே.டபிள்யூ.எல். முத்திரை பொறிக்கப்பட்டிருந்தாலும் அது மெய்யானதா என்பதை விற்பவரின் ஆவணத்தைக் கொண்டே உறுதிசெய்ய முடியும். தட நாள்களை நடத்துவோர் தலைக்கவசத்தைச் சோதிப்பது போலவே ரிம்களின் விரிசலையும் நட்டுகளின் முறுக்கத்தையும் நுழைவாயிலிலேயே சோதித்து, தேறாத காரைத் தடத்தில் இறங்க விடக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கிள்ளான்