முதலில் தண்ணீர், பிறகுதான் தீனி: செல்வி அக்காவுக்கு

அன்புள்ள செல்வி அக்கா,

கொல்லையில் என்ன வைத்தால் அணிலும் குருவியும் வரும் என்று கேட்டிருந்தீர்கள். கம்பும் குருணையும் கிலோக்கணக்கில் வாங்கி வைத்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பைகளை இப்போதைக்கு இறுகக் கட்டி உள்ளே வையுங்கள். முதலில் தண்ணீர் வைக்க வேண்டும். தானியத்துக்கு வருகிற பறவைகள் நாலைந்து வகைதான். தண்ணீருக்கு அநேகமாக எல்லாமே வரும். பூச்சியை நம்பி வாழும் தையல்சிட்டும் குண்டுக்கரிச்சானும் உங்கள் கம்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சித்திரை வெயிலில் குளிக்க மட்டும் அவையும் வந்துவிடும்.

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற அகன்ற மண்தட்டு போதும். ஒன்றே கால் அடி அகலம், இரண்டு அங்குல ஆழம். ஓரத்தில் அரை அங்குலமும் நடுவில் ஒன்றரை அங்குலமும் தண்ணீர் நின்றால் போதும். நடுவில் கைப்பிடி அளவுக்கு ஒரு கல்லை வையுங்கள். தட்டு கிடைக்காமல் ஆழமான சட்டிதான் இருக்கிறது என்றால், பாதிக்கு மேல் கூழாங்கல் போட்டு நிரப்புங்கள். வாளி, குடம், திறந்த தொட்டி இவற்றில்தான் அணில் குட்டிகளும் பறக்கப் பழகும் குஞ்சுகளும் விழுந்து மூழ்குகின்றன. ஏற முடியாத வழவழப்பான சுவர்தான் காரணம். கொல்லைத் தொட்டியை மூட முடியாவிட்டால் ஒரு பலகையையோ தென்னை மட்டையையோ சாய்த்துப் போட்டுவிடுங்கள். எவர்சில்வர் தட்டு வேண்டாம். வெயிலில் தண்ணீர் கொதித்துப்போகும், கால் வழுக்கும். மண்தட்டில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சி நிற்கும், சொரசொரப்பில் கால் பிடிக்கும்.

எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். செடிப் புதருக்குப் பக்கத்தில் வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் பூனை பதுங்க அதைவிட வசதியான இடம் கிடையாது. இறக்கை நனைந்த பறவையால் உடனே எழும்பிப் பறக்க முடியாது. புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி, துவைகல் உயரத்தில் வையுங்கள். தாவி உட்கார மேலே ஒரு கிளை இருக்கட்டும். உங்கள் முருங்கை மரத்தின் கிழக்குப் பக்கம் சரியாக இருக்கும். காலை வெயில் படும், உச்சிக்குப் பிறகு நிழல் வந்துவிடும்.

கொசு பயம் நியாயமானதுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் தினமும் தண்ணீரைக் கொட்டி மாற்றினாலே பெரும்பாலும் பிரச்சினை தீரும். ஆனால் அந்தக் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் சுவரில் ஒட்டிவைக்கும். அது காய்ந்துபோயும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். ஆகவே கொட்டி நிரப்பினால் மட்டும் போதாது. தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். சோப்பு தேவையில்லை. இரண்டு தட்டு வாங்கி, ஒன்றை வைக்கும்போது மற்றதைத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துக் காயவிட்டால் பாசியும் பிடிக்காது.

தண்ணீருக்குப் பறவைகள் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். தவிட்டுக்குருவிக் கூட்டம் வரத் தொடங்கிவிட்டால் மற்றவை துணிந்து வரும். அதற்குப் பிறகு தீனியை ஆரம்பியுங்கள்.

இதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. நாம் தீனி வைக்காவிட்டால் இவை பட்டினி கிடக்கப் போவதில்லை. நம் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு அவற்றை வரவழைக்கத்தான் தீனி. அதனால் கொஞ்சமாக வையுங்கள். உங்கள் கொல்லைக்குக் காலையில் ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம். மாலை நாலரை மணிக்கு அதில் பாதி. ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட வேண்டும். தீரவில்லை என்றால் மறுநாள் குறையுங்கள். கம்பு, தினை, சாமை, நொய் எல்லாம் கலந்து வைக்கலாம். பச்சரிசி வயிற்றில் ஊதிப் பறவை செத்துவிடும் என்பது வெறும் பேச்சு. வயலில் நெல்லைத் தின்று வளர்கிற கூட்டம்தானே! கொண்டைக்குருவிக்கும் மைனாவுக்கும் பப்பாளி, கொய்யா, வாழைப்பழத் துண்டு வையுங்கள். ஆணியில் குத்தி வைத்தால் காகம் அப்படியே தூக்கிக்கொண்டு போகாது. பொழுது சாய்வதற்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இரவில் வௌவால் வரும், காலையில் எறும்பும் குளவியும் மொய்க்கும்.

மிக்சர், முறுக்கு, பிஸ்கட், ரொட்டி வேண்டவே வேண்டாம். சிறு உடம்புக்கு அந்த உப்பு தாங்காது. பாலும் தயிர்சாதமும் வேண்டாம், பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைகளுக்கு இல்லை.

காக்காவுக்குச் சோறு வைப்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன். அது நம் வீடுகளில் உலை வைத்த நாள் முதல் இருக்கிற பழக்கம். உப்பு, நெய் சேர்க்காமல் ஒரு நெல்லிக்காய் அளவுக்குப் பருப்புச்சாதம் போதும். சிக்கல் அமாவாசை அன்றுதான். தெருவே இலை போட்டுப் படைக்கிறது. காகங்கள் ஓரளவுக்கு மேல் தொடுவதில்லை. மிச்சச் சோறு வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், அதைத் தேடி இரவில் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். எலிக்கு விஷம் வைத்தால் அந்த எலியைப் பிடிக்கிற ஆந்தையும் சாகிறது. சுவரில் வைத்த சோற்றை மதியத்துக்குள் வழித்து எடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் பெரிய புகார்: அணில் ஒன்றே எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. முதுகில் மூன்று கோடு போட்ட நம் அணிலின் எடை 100 கிராம் அளவுதான். அதனால் தின்ன முடிகிறது கொஞ்சமே. தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு மற்றவற்றை அண்டவிடாமல் துரத்துவதுதான் தொல்லை. அதை விரட்டாதீர்கள், வேலை கொடுங்கள். பறவைத் தட்டிலிருந்து 15 அடி தள்ளி, பருப்பு ஒட்டிய தேங்காய்ச் சிரட்டை ஒன்றைத் துளை போட்டுக் கிளையில் கட்டித் தொங்கவிடுங்கள். சுரண்டிச் சுரண்டி வெகுநேரம் அங்கேயே இருக்கும். அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை, கடினமானதைக் கடித்தால்தான் தேயும். தோலோடு கூடிய வறுக்காத நிலக்கடலை ஆறேழு, முழுக் கம்பங்கதிர் ஒன்று, இவையும் நல்லவை. உரித்த கடலையை அள்ளிப் போடுவது தவறு. கொழுப்பு மிகும், சுண்ணாம்புச் சத்து குறையும், பல்லுக்கும் வேலை இருக்காது.

கடலை விஷயத்தில் இன்னொன்று. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. கறுத்ததும் சுருங்கியதும் முக்கு வாடை அடிப்பதும் நமக்கு ஆகாது என்றால் அணிலுக்கும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தானியமும் அப்படித்தான், நனைந்த மறுநாளே கட்டிபிடித்து நாறும். அந்த மாதங்களில் கூரைக்கு அடியில், பாதி அளவு மட்டும் வையுங்கள்.

தட்டில் மிளகாய்த்தூள் தூவினால் அணில் வராது என்று யாராவது சொல்வார்கள். பறவைக்குக் காரம் உறைக்காது, அணிலுக்கு உறைக்கும், அது உண்மைதான். அதனால்தான் கிளி பச்சை மிளகாயை அலட்டிக்கொள்ளாமல் தின்கிறது. ஆனால் தூள் காற்றில் பறந்து எல்லார் கண்ணிலும் விழும். கம்பத்தில் கிரீஸ் தடவுவதும் கொடுமை. இறகிலும் ரோமத்திலும் ஒட்டினால் சுத்தம் செய்துகொள்ள வழியே இல்லை. எறும்பு ஏறாமல் இருக்க வேண்டுமானால், தட்டு தொங்கும் கம்பியில் ஒரு சிறு கிண்ணத்தைக் கோத்து, துளையை அடைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள்.

அணில் கூடு கட்டும் நாளில் மிதியடியையும் தலையணையையும் பிய்க்கும். மட்டையிலிருந்து உரித்த நாரை விரல் நீளத்துக்கு நறுக்கிச் சுவரில் வைத்துவிடுங்கள், அதை எடுத்துக்கொள்ளும். நைலான் கயிறும் தையல் நூலும் கொல்லையில் கிடக்கவே கூடாது. குட்டிகளின் காலில் சுற்றி இறுகிக் கால் அழுகிவிடும்.

மாடப்புறாக்கள் இருபது முப்பதாக இறங்கினால், நீங்கள் அதிகமாக வைக்கிறீர்கள், அதுவும் தரையில் வைக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு வாரம் தானியத்தை அடியோடு நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். பிறகு பக்கத்தில் துளைகள் போட்டு, விரல் நீளக் குச்சி செருகிய பாட்டிலில் கம்பைத் தொங்கவிடுங்கள். சிட்டுக்குருவி உட்காரும், புறாவால் முடியாது. புறா எச்சம் காய்ந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு, மூக்கை மூடிக்கொண்டு வழியுங்கள்.

தீனியைவிட நீண்ட நாள் பலன் தருவது செடிதான். முருங்கை பூத்தால் தேன்சிட்டும் அணிலும் தானாக வரும். செம்பருத்தி, இட்லிப்பூ இரண்டும் தேன்சிட்டுக்கு. கறிவேப்பிலையைப் பழுக்க விட்டால் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். இடம் இருந்தால் ஒரு தேன்பழ மரம் வையுங்கள். சீக்கிரம் வளரும், ஆண்டு முழுக்கக் காய்க்கும், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சேர்ந்து வருவார்கள். ஒரு மூலையில் சருகைக் கூட்டாமல் விடுங்கள். தவிட்டுக்குருவிகள் அதைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தேடும். வடக்கிலிருந்து மழைக்காலத்தை ஒட்டி நம் பக்கம் வருகிற ஆறுமணிக்குருவிக்கும் இப்படிச் சருகுதான் வேண்டும். பூச்சிமருந்து அடிக்காதீர்கள். சிட்டுக்குருவி பெரியதான பின்தான் தானியம் தின்னும், குஞ்சுக்கு அது ஊட்டுவது புழுவும் பூச்சியும். கொல்லையில் புழு இல்லையென்றால் கூட்டுப்பெட்டி எத்தனை மாட்டினாலும் குஞ்சு தேறாது.

பார்ப்பதற்கு நல்ல நேரம் விடிந்த பிறகு முதல் ஒன்றரை மணி நேரம். ஒரே இடத்தில் கால்மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். கண்ணைவிடக் காதுக்கு வேலை கொடுங்கள். அணில் வாலை வெடுக்வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு நிறுத்தாமல் கத்தினால், அது பார்க்கும் திசையில் பூனையோ பாம்போ இருக்கும். எல்லாக் குருவிகளும் ஒரே சமயத்தில் ஊமையாகி இலைக்குள் ஒடுங்கினால் வானத்தைப் பாருங்கள், வைரி என்ற வேட்டைப்பறவை வந்திருக்கும். தவிட்டுக்குருவிகள் தங்களைவிடப் பெரிய, கருப்பு வெள்ளைக் குஞ்சு ஒன்றுக்கு ஓயாமல் ஊட்டிக்கொண்டிருந்தால் அது சுடலைக்குயிலின் குஞ்சு. முட்டையை இவற்றின் கூட்டில் விட்டுவிட்டுத் தாய் போய்விட்டது. அதைப் பிரித்துவிட நினைக்காதீர்கள். ஆண் ஊதாத் தேன்சிட்டு சில மாதம் மஞ்சள் வயிற்றில் நடுவே கருங்கோடு போட்டது மாதிரி மாறும். புது வகை என்று எண்ணிவிடாதீர்கள். அது கண்ணாடியில் தன் உருவத்தையே கொத்திச் சண்டை போட்டால், கண்ணாடியை ஒரு துணியால் மூடிவிடுங்கள்.

குட்டி விழுந்து கிடந்தால் உடனே வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். கண் திறக்காத அணில் குட்டியைத் துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து, விழுந்த மரத்தடியிலேயே பூனை எட்டாத உயரத்தில் கட்டிவிட்டுத் தள்ளிப் போங்கள். தாய் வாயில் கவ்வித் தூக்கிப் போகும். குட்டியின் உடம்பு குளிர்ந்திருந்தால் முதலில் உள்ளங்கைச் சூட்டில் வையுங்கள். மாட்டுப்பால் கொடுத்தால் வயிற்றோட்டத்தில் செத்துவிடும். இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்திப் போகிற குருவிக்குஞ்சுக்குப் பெரிய உதவி தேவையில்லை. எடுத்துக் கிளையில் விட்டால் போதும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதும் சரியல்ல. பிடித்துக் கூண்டில் வளர்க்கும் ஆசை வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்தால், கிளியையும் தினைக்குருவியையும் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று சொல்லிவிடுங்கள். அணிலைக் கையில் வைத்து ஊட்டவும் பழக்காதீர்கள். கடித்தால் கால்மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, டாக்டரைப் பாருங்கள்.

உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, கண் வீங்கி, கிட்டே போனாலும் பறக்காத பறவையைக் கண்டால் தட்டுகளை எடுத்துக் கழுவி, இரண்டு வாரம் எதுவும் வைக்காதீர்கள். ஒரே தட்டில் கூடுவதால்தான் நோய் பரவுகிறது. காகங்கள் அடுத்தடுத்துச் செத்து விழுந்தால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

பொங்கலையொட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். கால்மணி நேரம் பார்த்ததை இ-பேர்டு என்ற இணையதளத்தில் பதிந்தால் போதும், உங்கள் கொல்லையே ஒரு இடமாகக் கணக்கில் சேரும். அதற்குள் ஒரு நோட்டில் தேதி, நேரம், வந்தவை எத்தனை என்று எழுதிப் பழகுங்கள். பெயர் தெரியாத பறவையென்றால் நிறத்தைவிட மூக்கின் வடிவம், வாலின் நீளம், தரையில் நடந்ததா தத்தியதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் மங்கலாக வந்தாலும் அனுப்புங்கள். குரலைக் கைபேசியில் பதிந்து சேர்த்து அனுப்பினால் சொல்வது இன்னும் சுலபம்.

அன்புடன்,
உங்கள் தம்பி