சியர்ஸ் மதுக்கூடத்திலிருந்து வெளியேறிய மருத்துவர்

அன்புள்ள ரங்கநாதா,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பேத்தி பிறந்த செய்தியால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தாயும் சேயும் நலம் என்ற வரியைப் படித்த பிறகுதான் லலிதாவுக்கு நிம்மதி. இங்கும் யாவரும் நலம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 2023இல் மீண்டும் வந்த ‘ஃப்ரேசியர்’ தொடரைப் பார்த்து மனம் நொந்துபோய், புகழ்பெற்ற ஒரு சிட்காமின் (சூழல் நகைச்சுவைத் தொடரின்) பெயரைச் சொல்லி இன்னொன்று எடுப்பதே வேண்டாத வேலை என்று எழுதியிருந்தாய். உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நீ இத்தனை காலமாகக் கொண்டாடிவரும் அந்தப் பழைய ‘ஃப்ரேசியர்’கூட, ‘சியர்ஸ்’ என்ற மாபெரும் வெற்றித் தொடரிலிருந்து கிளைத்த ஸ்பின்-ஆஃப்தானே!

1982 முதல் 1993 வரை ஓடிய ‘சியர்ஸ்’ தொடரில், மனநல மருத்துவர் ஃப்ரேசியர் கிரேன் 1984இல்தான் மதுக்கூடப் பணிப்பெண் டயானின் காதலனாக நுழைகிறார். பாஸ்டன் நகரத்து மதுக்கூடத்தில் அன்றாடம் வந்து உட்காரும் சாதாரண மனிதர்கள் நடுவே, அதிகம் படித்தவர் என்பதற்காகவே கேலிக்கு ஆளாவதுதான் அங்கே அவருக்கு வாய்த்த இடம். அப்படிப்பட்ட ஒருவரைத் தனித்தொடரின் நடுநாயகமாக வைத்தால் அவரைக் கேலி செய்ய யார் இருப்பார்கள் என்ற கேள்வியை, ‘ஃப்ரேசியர்’ தொடரை உருவாக்கிய டேவிட் ஏஞ்செல், பீட்டர் கேசி, டேவிட் லீ மூவரும் எதிர்கொண்ட விதம் இன்றும் என்னை வியக்க வைக்கிறது. முதலில் அவரைப் பாஸ்டனிலிருந்து பெயர்த்து, நாட்டின் மறுகோடியில் இருக்கும் சியாட்டலுக்குக் கொண்டுபோனார்கள். பழைய முகங்கள் வாரந்தோறும் எட்டிப்பார்க்க வழியில்லாமல் போயிற்று. பிறகு அவரைவிடவும் நுண்ணிய ரசனையும் படபடப்பும் கொண்ட நைல்ஸ் என்ற தம்பியைப் படைத்தார்கள். தொடக்கத் திட்டத்தில் தம்பி என்று ஒரு பாத்திரமே கிடையாது. நடிகர் டேவிட் ஹைட் பியர்ஸின் முகம், ஃப்ரேசியராக நடித்த கெல்சி கிராமரின் இளவயதுச் சாயலில் இருந்ததைக் கண்ட பிறகே அது உருவாயிற்று. நைல்ஸ் பக்கத்தில் நின்றதும் ஃப்ரேசியர் ஓரளவு நிதானமான மனிதராகத் தெரிந்தார். பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய பாத்திரத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் வேறொருவராகக் காட்டிவிட்டார்களே!

முதல் அத்தியாயத்தை இன்னொரு முறை பார். ஃப்ரேசியரின் வரவேற்பறையில் ஒவ்வொரு பொருளும் பொறுக்கி எடுத்தது. பாரிஸில் கோகோ ஷனேல் வைத்திருந்த சோபாவின் அச்சு அசலான நகல் அது என்று அவர் பெருமையோடு சொல்வார். துப்பாக்கிக் குண்டு பட்டு ஓய்வுபெற்ற போலீஸ்காரரான அவருடைய தந்தை மார்ட்டினின் சாய்வு நாற்காலி அந்த அறைக்கு வந்து சேர்கிறது. கோடுபோட்ட துணி நைந்து, கிழிந்த இடங்களில் டேப் ஒட்டிய நாற்காலி. அன்று முதல் 2004 வரை, 11 பருவங்களிலும், அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த மனத்தாங்கலைத்தான் தொடர் சொல்லிக்கொண்டிருந்தது. ‘சியர்ஸ்’ ஒருபோதும் திறந்து பார்க்காத கதவு அது. சொல்லப்போனால் அங்கே ஃப்ரேசியர் தன் தந்தை ஓர் ஆராய்ச்சியாளர் என்றும், இறந்துவிட்டார் என்றும் சொல்லியிருந்தார். எழுத்தாளர்கள் அந்த முரணுக்கு அஞ்சவில்லை. 1995இல் ‘சியர்ஸ்’ மதுக்கூடத்தின் சாம் மலோன் சியாட்டலுக்கு வரும் அத்தியாயத்தில் அதை மார்ட்டின் முன்னாலேயே போட்டு உடைத்து, தந்தையோடு சண்டையிட்ட கோபத்தில் மகன் சொன்ன பொய் என்று ஆக்கினார்கள். மூலத்தில் இருந்த ஒரு பிழை, தந்தையும் மகனும் எவ்வளவு விலகியிருந்தார்கள் என்பதற்குச் சான்றாகிவிட்டது. மூலத்தை மதிப்பது என்றால் இதுதான் என்பேன்.

‘ஃப்ரெண்ட்ஸ்’ முடிந்த அதே 2004இல் தொடங்கிய ‘ஜோயி’ இதைச் செய்யவில்லை. ‘ஃப்ரெண்ட்ஸ்’ நண்பர்களில் ஒருவனான ஜோயியை லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பினார்கள், அக்காவையும் அக்காள் மகனையும் கொடுத்தார்கள். ஆனால் நண்பன் சாண்ட்லரோடு சேர்ந்திருந்தபோது மலர்ந்த அந்த வெள்ளை மனத்துக்கு ஈடுகொடுக்க அங்கே ஒருவரும் இல்லை. இரண்டே பருவங்களில் முடிந்தது. ஜோயியாக வந்த மாட் லெப்ளாங்கின் நடிப்பில் நான் குறை காணவில்லை.

‘யங் ஷெல்டன்’ பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ‘பிக் பேங் தியரி’யில் வளர்ந்த ஷெல்டன் தன் தந்தையைக் குடிகாரர், மனைவிக்குத் துரோகம் செய்தவர் என்றே நினைவுகூர்வான். அவனுடைய சிறுவயதைச் சொல்லும் இந்தக் கிளைத்தொடரோ ஏழு பருவங்களில் அந்தத் தந்தை ஜார்ஜை, சலிப்பும் பொறுமையும் அன்பும் கலந்த அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக நம் கண்முன் நிறுத்துகிறது. துரோகம் என்று அவன் நம்பக் காரணமாக, சிறுவயதில் தந்தையோடு இருக்கக் கண்ட ‘வேறொரு பெண்’ பொன்னிற டோப்பா அணிந்திருந்த தாயேதான் என்று கடைசிப் பருவத்தில் தெரிகிறது. ஒரு காலை வழக்கம்போல விடைபெற்றுக் கிளம்பும் ஜார்ஜ் அதன்பின் உயிரோடு திரும்பவில்லை. அப்போது நிமிர்ந்துகூடப் பார்க்காத மகன், தந்தைக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று அந்தக் கணத்தையே மறுபடி மறுபடி மனத்தில் நடத்திப் பார்க்கிறான். அதைக் கண்டபின் மூலத் தொடரில் ஷெல்டன் தந்தையைப் பற்றி அடித்த கிண்டல்களை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. கிளை மூலத்தையே செழுமைப்படுத்திய அபூர்வம் இது.

இனி 2023க்கு வருவோம். மார்ட்டினாக நடித்த ஜான் மஹோனி 2018இல் காலமாகிவிட்டார். டேவிட் ஹைட் பியர்ஸ் வர விரும்பவில்லை. பாஸ்டனுக்கே திரும்பிய ஃப்ரேசியர் இப்போது ஹார்வர்டில் பேராசிரியர். மகன் ஃப்ரெடி படிப்பை விட்டுவிட்டுத் தீயணைப்பு வீரனாகியிருக்கிறான். கற்ற மகனும் கல்லாத தந்தையும் என்றிருந்ததைக் கற்ற தந்தை, எளிய மகன் என்று திருப்பிப் போட்டிருக்கிறார்கள். உனக்கு ஏற்பட்ட ஏமாற்றத்துக்குக் காரணம் அது பழைய தொடரிலிருந்து கிளைத்தது என்பதல்ல, அதே அச்சிலேயே மறுபடி வார்த்ததுதான் என்பது என் எண்ணம். அங்குள்ள மதுக்கூடத்துக்கு ‘மஹோனிஸ்’ என்று பெயர் வைத்த அன்பு என்னைத் தொட்டது. ஆயினும் பத்துப் பத்து அத்தியாயங்களாக இரண்டு பருவம் ஓடி 2025 தொடக்கத்தில் அது நிறுத்தப்பட்டபோது எனக்கு வியப்பில்லை.

‘யங் ஷெல்டன்’ பார்ப்பதானால் முதல் பருவத்திலிருந்தே பார். கடைசி இரண்டு அத்தியாயங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்துவிடாதே. ஜார்ஜைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று விரிவாக எழுது.

அன்புடன்,
சுந்தரம்