வாயிற்காவலர் வீட்டையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளைப் பற்றி எழுதுவோர், அவற்றின் நுழைவாயிலில் நிற்கும் ‘லாட்ஜ்’ என்னும் சிறு வீட்டை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. நமக்கு லாட்ஜ் என்றால் தங்கும் விடுதி. அங்கே அது, வண்டிச் சத்தம் கேட்டதும் வந்து கதவைத் திறந்துவிட்ட வாயிற்காவலரின் குடும்பம் வாழ்ந்த வீடு.

செங்குத்தான கூரை, கூரை விளிம்பில் செதுக்கிய மரப்பலகை, வீட்டின் அளவுக்கு மீறி உயர்ந்த புகைபோக்கி என வெளித்தோற்றத்தில் செலுத்திய அக்கறையை, உள்ளே இரண்டு மூன்று அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களின் வசதியில் எஸ்டேட் உரிமையாளர்கள் பலர் காட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1850இல் செங்கல் மீதான வரி நீக்கப்பட்டது இத்தகைய வீடுகளின் கட்டுமானத்துக்குக் கைகொடுத்தது.

கட்டடக் கலைஞர்கள் புதிய பாணிகளைச் சோதித்துப் பார்க்கவும் இச்சிறு கட்டடங்கள் இடமளித்தன. மாளிகை எஸ்டேட்டைச் சேர்ந்ததல்ல என்றாலும், வில்லியம் ஈடன் நெஸ்ஃபீல்டு வடிவமைத்து 1867இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் எழுந்த செங்கல் லாட்ஜ், பின்னர் ‘குயின் ஆன்’ எனப் பெயர்பெற்ற பாணிக்கு முன்னோடியாக மதிக்கப்படுகிறது.

மாளிகைகளைப் பற்றி இனி வெளியிடும் கட்டுரைகளை இந்த வாயிலிலிருந்தே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்